பேரன் இங்கிலீஷ்ல வீக்காம்

(வாட்ஸ்அப் வீடியோ கால். அப்பா கும்பகோணத்துல, ஞாயித்துக்கிழமை காலை காபி. பொண்ணு நியூ ஜெர்சில, அங்க இன்னும் சனிக்கிழமை ராத்திரி.)

அப்பா: என்னம்மா மூஞ்சி தொங்கிப்போயிருக்கு, பேரன் காலேஜ்ல சேர எழுதின அந்த எஸ்ஏடி பரீட்சை ரிசல்ட் வந்துடுச்சா?

பொண்ணு: வந்துடுச்சுப்பா. 1600க்கு 1390. கணக்குல 800க்கு 800, இங்கிலீஷ்ல 590.

அப்பா: இரு இரு, மாத்தி சொல்றியா? அவன் பொறந்ததுலேந்து இங்கிலீஷ் தவிர வேற பேசினதே இல்லையே, 'ஹாய் தாத்தா'ல தாத்தா மட்டுந்தான் தமிழ், அதுலயா கோட்டை விட்டான்?

பொண்ணு: பேசறது வேற, பரீட்சை வேறப்பா. குட்டி குட்டியா பத்தி குடுத்து, இதுலேந்து என்ன தெரியுது, இங்க கமாவா செமிகோலனாம்பான். நம்மாளு ஃபுல் ஸ்டாப்பே வெக்கமாட்டான்.

அப்பா: சரி விடு, மொத்தம் 1390 இருக்குல்ல. நம்மூர் இன்ஜினியரிங் கட் ஆஃப்ல கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அவ்ளோதான் 200. இங்கிலீஷ் பாஸானா போதும், சேக்கவே மாட்டான். இங்க இருந்திருந்தா ராஜா மாதிரி சீட்டு.

பொண்ணு: இங்க மொத்தத்தோட நிறுத்தமாட்டாங்கப்பா, ரெண்டையும் தனித்தனியா பாப்பாங்க. பக்கத்து தெருப் பையன் 700, 690, அவனும் அதே 1390தான். இன்ஜினியரிங்னு போட்டா நம்மாளோட 800 கண்ணுல படும், ஆனா கூடவே அந்த 590ம் பட்டுத் தொலைக்குமே, இன்ஜினியரிங் படிச்சாலும் இங்க கட்டுரை எழுதித் தள்ளணும், இவன் தாங்குவானான்னு யோசிப்பாங்க.

அப்பா: எழுதின அன்னிக்கு நல்லா பண்ணிருக்கான்னு சொன்னியே?

பொண்ணு: அத ஏன் கேக்கறீங்க. இங்கிலீஷ் ரெண்டு பாகமா வரும், 27 கேள்வி, திரும்ப 27. ரெண்டாவது செம ஈஸிம்மான்னான், நான் உடனே பால்பாயசம் வெச்சேன். அப்புறம்தான் தெரியுது, முதல் பாகத்துல நல்லா போட்டாத்தான் கம்ப்யூட்டர் கஷ்டமானத குடுக்குமாம், சொதப்பினா ஈஸியானத நீட்டுமாம், அதுல எல்லாமே கரெக்டா போட்டாலும் 800 பக்கம் போக முடியாதாம்.

அப்பா: அப்போ சொதப்பினதுக்கா பாயசம்?

பொண்ணு: முந்திரி போட்டு.

அப்பா: திரும்ப எழுத முடியாதா?

பொண்ணு: முடியும்பா. நிறைய காலேஜ்ல சூப்பர்ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, எத்தனை தடவை எழுதினாலும் கணக்குல எது ஜாஸ்தியோ அது, இங்கிலீஷ்ல எது ஜாஸ்தியோ அதுன்னு பொறுக்கிக் கூட்டிக்குவாங்க, இங்க உள்ள பெரிய இன்ஜினியரிங் காலேஜ் எம்ஐடி கூட அப்படித்தான். அங்கெல்லாம் இந்த 800 பத்திரம். சில காலேஜ்தான் எழுதின எல்லாத்தையும் அனுப்புன்னு உயிர வாங்கும்.

அப்பா: மார்க்கே பாக்காத நல்ல மனுஷங்க யாரும் இல்லையா?

பொண்ணு: கலிஃபோர்னியால யுசின்னு ஸ்டேட் யுனிவர்சிட்டி காலேஜ்ங்க இந்த எஸ்ஏடி மார்க்க பாக்கறதே இல்ல. ஆனா அந்த 800யும் பாக்கமாட்டாங்களே!

அப்பா: கவலைய விடு. 34 வருஷம் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல லெட்டர் டிராஃப்ட் பண்ணினவன் நான். தினம் ஹிந்து எடிட்டோரியல போட்டோ எடுத்து அனுப்பறேன், படிச்சு நாலு வரில சுருக்கி எழுதட்டும். இந்தா, நேத்து பேப்பர்ல உள்ளது போயிடுச்சு.

பொண்ணு: டேய், தாத்தா என்னமோ அனுப்பிருக்கார் பாரு... ரிப்ளை பண்ணிட்டானாம்பா.

அப்பா: அதுக்குள்ளயா! இரு, கண்ணாடி போட்டுக்கறேன்... 'கே'ன்னு ஒத்தை எழுத்து வந்திருக்கு.

பொண்ணு: ஓகேன்னு அர்த்தம்பா.

அப்பா: அதுக்கும் ஃபுல் ஸ்டாப் இல்ல.