முகூர்த்தப் பந்தியில் சொதி எதற்கு?

ஈரோட்டுப் பெண்ணுக்கும் திருநெல்வேலிப் பையனுக்கும் திருமணம் நிச்சயமானால், இரண்டு ஊர் வழக்கத்தையும் மதித்து நடத்த வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஈரோட்டுப் பெண் நானாக இருப்பதால், அந்த மதிப்பு எந்த அழகில் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு சீரை, அதாவது எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்கைச் சேர்த்தால் அவர்கள் வீட்டில் ஒரு சடங்கைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஒரு குழம்பைச் சொன்னால் எங்கள் பெரியப்பா உடனே எங்கள் ஊர் ஒப்பிட்டு, அதாவது போளி, போடச் சொல்வார். எது எதற்காகச் செய்யப்படுகிறது என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. யாருடையது எத்தனை என்று எண்ணுபவர்கள் மட்டும் இரு பக்கமும் நிறைந்திருக்கிறார்கள்.

சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் பக்கத்தில் அது மறுவீட்டுச் சாப்பாடு. கல்யாணம் முடிந்து, கூட்டம் கலைந்து, நெருங்கிய உறவினர்கள் மட்டும் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு உரியது. தேங்காயைப் பிழிந்து பாலை மூன்றாகப் பிரித்து, தண்ணீர்ப் பாலில் காய்களை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். அவ்வளவு தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும் என்பதால்தான் கூடவே இஞ்சிப் பச்சடி வைக்கிறார்கள். இதையெல்லாம் என் வருங்கால மாமியார் பொறுமையாக விளக்கினார். ஆனால் எங்கள் மண்டபத்தில் வெளிச் சமையல்காரருக்கு அனுமதி கிடையாது. மண்டபத்துச் சமையல்காரரோ “சொதிதானுங்களே, செஞ்சிடலாங்க” என்று சொல்லிவிட்டு, முதல் பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் திரித்து, சோம்பு வாசனை தூக்கலாக ஒரு குருமாவைக் கொண்டுவந்து மாதிரிக்கு வைத்தார். இஞ்சிப் பச்சடி எங்கே என்று கேட்டதற்கு இஞ்சி ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார். இதை முகூர்த்தப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே ஒரு கரண்டி ஊற்றிவிட்டால் திருநெல்வேலிக்குச் செய்ய வேண்டிய மரியாதை முடிந்துவிட்டதாம்!

எங்கள் பக்கமும் லேசுப்பட்டதல்ல. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்பது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை முன்னிறுத்திச் செய்வது. அவருடைய தங்கைக்கு அப்படியொரு சீர் இருப்பதே போன மாதம்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொன்னார்களா என்றால், இல்லை. “அருமைக்காரர் சொல்றபடி நின்னாப் போதுங்கண்ணு” என்று பெரியப்பா முடித்துவிட்டார். எங்கள் சீர்களை முன்நின்று நடத்திவைக்கும் பெரியவர்தான் அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடும்போது அவர்கள் வீட்டார் அதை உட்கார்ந்து கேட்பார்களா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அவர்களைப் பந்திக்கு அனுப்பிவிடலாம், மண்டபத்தில் நெரிசல் குறையும் என்று பதில் வந்தது. மற்ற வீட்டாரைச் சாப்பாட்டுக்கு விரட்டிவிட்டு நடத்தும் சடங்கினால் எந்த ஊருக்கு, யாரிடத்தில் மரியாதை சேர்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் மேடை அலங்காரம் செய்பவர் ஒருவர், இரு ஊர்ப் பெருமையும் தெரிகிற மாதிரி அமைத்துத் தருகிறேன் என்று ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் தெர்மாகோலில் காங்கேயம் காளை, மறுபக்கம் நெல்லையப்பர் கோபுரம், நடுவில் நாங்கள். இரண்டு வீட்டாரும் முதல் தடவையாக ஒத்துப்போனது இந்தக் காளை விஷயத்தில்தான்.

வரவேற்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊரில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையே வைத்துவிடுவது வழக்கம், மாப்பிள்ளையின் அத்தையோ “தாலி ஏறுததுக்கு முன்னாலயே ரெண்டு பேரும் மேடையில சேந்து நிப்பாங்களாம்லா!” என்று தொலைபேசியிலேயே மூக்கைச் சிந்தினார். சமாதானம் செய்ய வந்த ஒரு சித்தப்பா, பேசாமல் மதுரையில் வைத்துவிடலாம், இருவருக்கும் பாதி வழி என்றார். இரண்டு சொந்த ஊர்களையும் மதிப்பதற்காக இருவருக்குமே சொந்தமில்லாத ஊரில் கல்யாணம் செய்யலாம் என்கிற யோசனை வேறு யாருக்கு வரும்?

இத்தனைக்கும் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், அதன் 7ஆவது பிரிவில், மணமக்களில் யாராவது ஒருவர் தரப்பின் வழக்கப்படி சடங்குகளைச் செய்து திருமணம் நடத்தலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 7ஏ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். சட்டம் கேட்காத கணக்கை உறவினர்கள் கேட்கிறார்கள். இதைச் சொன்னதும், சீரே வேண்டாம் என்கிறாள் என்று ஊர் முழுக்கச் செய்தி பரவியது. சீர் வேண்டும் என்றுதான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அதை அதற்குரிய இடத்தில், அதைத் தெரிந்தவர்களைக் கொண்டு, அவசரமில்லாமல் செய்யுங்கள் என்கிறேன். ஈரோட்டில் எங்கள் முறைப்படி கல்யாணம், நெல்லையில் அவர்கள் முறைப்படி மறுவீடும் வரவேற்பும் என்றால் எதையும் வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். இடையில் 350 கிலோமீட்டர் இருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள், வருடாவருடம் குற்றாலச் சீசனுக்கு வேன் பிடித்துப் போகிற அதே ஆட்கள்தான்.

முகூர்த்தப் பந்தியிலிருந்து சொதியை எடுத்துவிடும்படி இன்று காலை நானே சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். திருநெல்வேலியில் மறுவீட்டுக்குச் சமைக்க மாமியார் ஆள் பார்த்துவிட்டார். மாப்பிள்ளையின் தங்கையிடம் இணைச்சீரைப் பற்றி நானே பேசப்போகிறேன். பெரியப்பா கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். பேசாமலே வேனில் ஏறட்டும், சொதி சாப்பிட்ட பிறகு சமாதானம் பேசிக்கொள்ளலாம்.