லிம்போ கோட்பாடாக இருந்ததா?
திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள் லிம்போவுக்கு, அதாவது விண்ணகமும் அல்லாத, நரக வேதனையும் இல்லாத ஓர் இடைநிலைக்கு, செல்கின்றன என்ற விசுவாசக் கோட்பாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை 2007இல் ரத்து செய்துவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக, அதாவது கத்தோலிக்கர் அனைவரும் ஏற்றே ஆக வேண்டிய போதனையாக, வரையறுக்கப்படவில்லை. ஜென்மப் பாவத்தோடு இறக்கும் சிசுக்களுக்கு மிக லேசானதாகவேனும் தண்டனை உண்டு என்று புனித அகுஸ்தீனார் எழுதியதன் கடுமையைத் தணிக்க இடைக்கால இறையியலாளர்கள் முன்வைத்த கருத்து அது. 1992இல் வெளிவந்த, திருச்சபையின் அதிகாரபூர்வ போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலே, 1261ஆம் எண்ணில், லிம்போவின் பெயரைக்கூடச் சொல்லாமல் இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைத்துவிட்டது. 2007இல் வத்திக்கானுக்கு ஆலோசனை கூறும் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்டது ஓர் ஆய்வு ஆவணம். அதுவும் அவர்களது மீட்பை எதிர்நோக்கக் காரணங்கள் உண்டு என்றதே ஒழிய, உறுதியாகத் தெரியும் என்று கூறவில்லை. ஆயினும், கோட்பாடு அல்ல என்பதால் இதனால் யாருக்கும் பாதிப்பில்லை என்று அக்கட்டுரைக்குப் பதிலாக ஒரு வாசகர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலாது. பிறந்த சில மணி நேரத்தில் இறந்த என் அத்தையின் மகனை, திருமுழுக்குப் பெறவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, மந்திரித்த கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே முள்வேலியோரம், குருவானவரோ செபமோ இல்லாமல் புதைத்தார்கள். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றும்போது அத்தை வேலிக்கு வெளியே நிற்பார். திருமுழுக்குப் பெறாமல் இறந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு மறுத்திருந்தது. பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்தால் ஆயர் அதை அனுமதிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு கூறுகிறது.