பிரைவேட் காலேஜ் டீச்சர்ஸுக்கு கிராஜுவிட்டி கிடையாதா? அந்த ஃபார்வர்டு தப்பு

"டீச்சர்ஸுக்கு கிராஜுவிட்டி இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, சங்கத் தலைவருங்க சந்தாவுக்காக ஆசை காட்டுறாங்க"ன்னு ஒரு மெசேஜ் ஸ்டாஃப் குரூப்ல எல்லாம் சுத்துது. கிராஜுவிட்டின்னா வேலையை விடும்போது சர்வீஸுக்கு ஏத்த மாதிரி நிர்வாகம் மொத்தமா குடுக்கிற பணம். அதுல சொல்ற தீர்ப்பு நிஜம்தான், ஆனா அது 2004ல வந்தது. அகமதாபாத் ஆசிரியர் சங்கம் போட்ட கேஸ் அது, கிராஜுவிட்டி சட்டத்துல 'ஊழியர்'ங்கிற விளக்கத்துக்குள்ள டீச்சர் வரலன்னு கோர்ட் சொல்லுச்சு, வேணும்னா பார்லிமென்ட் பாத்துக்கட்டும்னும் அதுலயே இருக்கு.

பார்லிமென்ட்டும் பாத்துச்சு. 2009ல டீச்சர்ஸும் அதுல வர்ற மாதிரி சட்டத்தை திருத்தி, 1997 ஏப்ரல் 3ல இருந்தே செல்லும்னு போட்டாங்க. பிரைவேட் ஸ்கூல் நிர்வாகங்க அதை எதிர்த்து போன கேஸும் 2022 ஆகஸ்ட் 29ல சுப்ரீம் கோர்ட்ல தள்ளுபடி ஆயிடுச்சு, பாக்கியை வட்டியோட குடுங்கன்னும் சொல்லிட்டாங்க. மெசேஜ்ல இந்த பாதியை அப்படியே விட்டுட்டாங்க.

கணக்கு பாருங்க, கடைசி மாச பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 26,000, பத்து வருஷ சர்வீஸ்னா, ஒரு நாள் சம்பளத்துக்கு 26ஆல வகுத்து, வருஷத்துக்கு 15 நாள்னு 15ஆல பெருக்கி, பத்து வருஷத்துக்கு 1,50,000 ரூபா. அந்த மெசேஜை நம்பி ஒருத்தர் கேக்காமலே ரிலீவ் ஆகிப் போனா அவ்ளோவும் கைக்கு வராமலே போகலாம், அதான் எனக்கு மனசு கேக்கல. பொதுவா அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருக்கணும், சர்வீஸ்லயே இறந்துட்டா அந்த கண்டிஷனும் இல்ல.

இந்தியா கோட் சைட்ல சட்டத் திருத்தமும், சுப்ரீம் கோர்ட் சைட்ல தீர்ப்பும் இருக்கு, நீங்களே படிச்சு பாருங்க. அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீங்க ப்ளீஸ், ஏற்கனவே அனுப்பியிருந்தா அதே குரூப்ல இதையும் போட்டுடுங்க.