முதல்ல பதினாறு, அப்புறம் ஒண்ணு

(விடுமுறை நாள் சாயங்காலம். அக்கா ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். தம்பி அவர் வீட்டு சோபாவில், கையில் ரிமோட்டும் மடியில் நாலாக மடித்த ஒரு தாளுமாக உட்கார்ந்திருக்கிறான். அக்காவின் இரட்டைப் பையன்கள் விளையாடப் போயிருக்கிறார்கள். இல்லையென்றால் இந்த உரையாடலே நடந்திருக்காது.)

அக்கா: சரி, போடு. முதல் சீசன், முதல் எபிசோடு.

தம்பி: அங்கதான்க்கா எல்லாரும் தப்பு பண்றாங்க. 'குளோன் வார்ஸ்'ங்கிறது 'ஸ்டார் வார்ஸ்' படங்களோட கார்ட்டூன் சீரிஸ். இதைப் பாக்கணும்னா ரெண்டாவது சீசன் பதினாறாவது எபிசோடுல ஆரம்பிக்கணும்.

அக்கா: அப்புறம்?

தம்பி: (தாளைப் பிரித்து) அப்புறம் முதல் சீசன் பதினாறு. அப்புறம் 2008 ஆகஸ்ட்ல தியேட்டர்ல வந்த படம். அப்புறம் மூணாவது சீசன் ஒண்ணு, மூணாவது சீசன் மூணு. அதுக்கப்புறம்தான் நீ கேட்ட ஒண்ணுல ஒண்ணு.

அக்கா: இப்படி லெட்ஜர் எழுதினா ஆடிட்டர் என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. யாருடா போட்டது இந்த வரிசையை? நீயா?

தம்பி: எடுத்தவங்களே போட்டதுக்கா! ஒளிபரப்பானது ஒரு வரிசை, கதை நடந்தது ஒரு வரிசை. ஒரு ஆளை முதல்ல காட்டுவாங்க. அவன் பாக்கறவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, ரெண்டு சீசன் கழிச்சு வந்து அவன் இதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு காட்டுவாங்க.

அக்கா: பரம்பரைப் பழக்கம் போல. 1977-ல வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கே நாலாம் பாகம்னு பேராமே?

தம்பி: வந்தப்ப நம்பர் இல்லக்கா. பிற்பாடுதான் சேர்த்தாங்க.

அக்கா: முன்தேதி போட்டிருக்காங்க. எங்க ஆபீஸ்ல அதுக்கு வேற பேரு.

தம்பி: கதையைக் கேளேன். அந்த 1977 படத்துல ஒரு பையன் ஒரு பெரியவரைப் பாத்து, நீங்க குளோன் போர்ல இருந்தீங்களான்னு கேப்பான். அவரு ஆமாம்பாரு. அதோட சரி. அந்தப் போர் ஆரம்பிக்கிறதை நாம பாத்ததே 2002-ல வந்த ரெண்டாம் பாகத்துலதான். 2005-ல வந்த மூணாம் பாகத்துல போரே முடிஞ்சுபோச்சு. நடுவுல என்ன நடந்ததுங்கிறதுதான் இந்த சீரிஸ்.

அக்கா: ஒரு 'ஆமா'வுக்கு விளக்கம். எத்தனை எபிசோடு?

தம்பி: ஏழு சீசன். 133.

அக்கா: ஒண்ணு எவ்வளவு நேரம்?

தம்பி: சுமாரா 22 நிமிஷம்.

அக்கா: (கால்குலேட்டர் எதுவும் இல்லாமல்) 2926 நிமிஷம். கிட்டத்தட்ட 49 மணி நேரம். நான் ஒரு வருஷக் கணக்கை முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகாதுடா.

தம்பி: நீ பாக்க ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது.

அக்கா: முடிவு மட்டும் சொல்லாதே. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.

தம்பி: முடிவு ஊருக்கே தெரியுமேக்கா! ஹீரோ அனகின் கெட்டவனாகி டார்த் வேடர்ங்கிற வில்லனா மாறிடுவான், ஒரே ஒரு உத்தரவு வந்ததும் ஒரே ஆளை நகலெடுத்து உருவாக்கின குளோன் சிப்பாய்ங்க எல்லாம், ஜெடாய்ங்கிற வீரர் கூட்டத்துலேர்ந்து வந்த தங்களோட தளபதிங்களையே திரும்பி நின்னு சுட்டு...

அக்கா: டேய்!

தம்பி: 2005-லேயே வந்துடுச்சுக்கா!

அக்கா: எனக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கு. முடிவு தெரிஞ்ச போருக்கு 133 எபிசோடு எதுக்குடா?

தம்பி: அனகினுக்கு ஒரு சிஷ்யை இருக்கா. பதினாலு வயசு, ஆரஞ்சுக் கலர் முகம், வாய்த்துடுக்கு. குருவையே பட்டப்பேரு வெச்சுக் கூப்பிடுவா. ஆனா மூணாம் பாகத்துல அவ பேரையே யாரும் எடுக்க மாட்டாங்க. அப்படின்னா அவ எங்க போனா? எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிட்டுப் பாத்தது அதுக்காகத்தான்.

அக்கா: பேரு?

தம்பி: அசோகா.

அக்கா: மரம் நட்டவரா?

தம்பி: அக்கா!

அக்கா: இல்லடா, அசோகர்னா போரே வேண்டாம்னு உதறிட்டுப் போனவராச்சே. இவளும் ஒருநாள் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிடுவாளோ?

(தம்பி தாளை மடிக்கிறான். பிரிக்கிறான். மறுபடி மடிக்கிறான்.)

தம்பி: நான் எதுவும் சொல்லலை.

அக்கா: வேண்டாம், உன் மூஞ்சி சொல்லிடுச்சு. சரி, 133-ம் வரிசையா வந்ததா, அதுலயும் ஏதாவது கோளாறா?

தம்பி: 2012-ல டிஸ்னி, இதை எடுத்த லூகாஸ்ஃபிலிம் கம்பெனியை வாங்கினாங்க. 2013-ல இதை நிறுத்திட்டாங்க. கைவசம் இருந்த 13 எபிசோடை 2014-ல நெட்ஃபிளிக்ஸ்ல விட்டாங்க. கடைசி 12 எபிசோடு 2020-ல வந்தது. அதுவரைக்கும் நாங்க...

அக்கா: ஏழு வருஷ நிலுவையைப் பைசல் பண்ணியிருக்காங்களே! நல்ல கம்பெனி. எங்க பாக்கிக்காரங்களுக்கு இந்தப் புத்தி வந்தா தேவலை.

தம்பி: இன்னொண்ணு சொல்றேன், இது முடிவு இல்ல. 1999 படத்துல டார்த் மால்னு ஒரு வில்லனை இடுப்போட ரெண்டா வெட்டிக் குழியில தள்ளுவாங்க. 2012-ல இந்த சீரிஸ்ல திரும்பி வருவான்.

அக்கா: எதை வெச்சுடா வருவான்?

தம்பி: மேல் பாதியை. கீழே சிலந்தி மாதிரி இரும்புக் கால் மாட்டிக்கிட்டு.

அக்கா: (கொஞ்சம் யோசித்து) சரி போடு, அந்தப் பதினாறை.

(மூன்று நாள் கழித்து. அதே சோபா. பதினாறு, பதினாறு, படம் மூன்றும் முடிந்து, தாளில் நாலாவது வரி: மூன்றாவது சீசன் ஒன்று. இந்த மூன்று நாளில் அக்கா வைத்த குறைகள் மூன்றே. எல்லார் முகமும் மரத்தில் செதுக்கின மாதிரி இருக்கிறதாம். 'ஸ்டார் வார்ஸ்' கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் பழைய பொம்மைத் தொடர்களின் சாயலை வேண்டுமென்றே கேட்டு வாங்கினார் என்று தம்பி சொன்னதும் அது தள்ளுபடி ஆனது. ஒவ்வொரு எபிசோடும் பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி ஒரு பொன்மொழியோடு ஆரம்பிக்கிறதாம். மூன்றாவது குறை தம்பியைப் பற்றியது. இப்போது திரையில் காமினோ கிரகம். வெளியே விடாத மழை, உள்ளே ஒரே முகத்தோடு ஐந்து பயிற்சிச் சிப்பாய்கள் ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.)

தம்பி: இப்ப பேசறான் பாரு, இவன்தான் ஃபைவ்ஸ். பின்னாடி பெரிய ஆளா...

அக்கா: அது எக்கோ.

தம்பி: எப்படிக்கா சொல்றே? எல்லாம் ஒரே ஆளோட நகல்!

அக்கா: வாயைத் திறந்தா மேலிடத்து உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்றான். அதனாலதானே எக்கோன்னு பேரே வெச்சாங்க? அந்த அவசரக்குடுக்கை ஹெவி. எதுக்கெடுத்தாலும் இளிக்கிறவன் கட்டப். மூலையில நிக்கிறவன்... அவன் பேரு என்னடா?

தம்பி: டிராய்ட்பெய்ட்.

அக்கா: அப்படின்னா?

தம்பி: டிராய்டுன்னா எதிரியோட ரோபோ. அதுக்கு இரைன்னு அர்த்தம்.

அக்கா: பேரே இரைன்னு வெச்சா அவன் எப்படிடா உருப்படுவான்?

(தம்பி இருமுகிறான்.)

தம்பி: எனக்கு ரெண்டாவது தடவை பாக்கறப்பதான்க்கா இவங்களைப் பிரிச்சுப் பாக்கவே வந்தது.

அக்கா: உனக்கு என் பசங்களையே பிரிச்சுப் பாக்க வரலை. நேத்து இளங்கோன்னு நினைச்சு இனியனைத் திட்டினே. அவனும் பாவம், வாங்கிக்கிட்டான். முகத்தைப் பாக்கக் கூடாதுடா. நிக்கிற நிலையைப் பாக்கணும். ஒருத்தன் ஒரு காலை மடக்கி நிப்பான், ஒருத்தன் நின்ன இடத்துல நிக்கவே மாட்டான்.

தம்பி: அப்ப இதைக் கேளு. இங்க அஞ்சு பேரும் கத்திச் சண்டை போடறாங்களே, மொத்தக் குரலும் ஒரே ஆளு. டீ பிராட்லி பேக்கர்னு பேரு. சீரிஸ் முழுக்க குளோன் சிப்பாய்ங்களுக்கு அவர்தான்.

அக்கா: தானே திட்டி, தானே வாங்கிக்கட்டிக்கிறாரா? சம்பளம் ஒண்ணா, அஞ்சா?

தம்பி: அது அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம்.

அக்கா: அஞ்சு வவுச்சர் போட்டிருக்கணும். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல. யாருடா அது, கூன் விழுந்தவன்?

தம்பி: அவனும் குளோன்தான். உருவாக்கும்போதே கோளாறாயிடுச்சு, சீக்கிரம் வயசாயிடுச்சு. போருக்கு லாயக்கில்லைன்னு பெருக்கித் துடைக்க விட்டுட்டாங்க. பேரு 99.

அக்கா: பேரில்ல, நம்பரு.

தம்பி: மத்தவங்களுக்கும் நம்பருதான்க்கா. பேரெல்லாம் அவங்களுக்குள்ள வெச்சுக்கிட்டது.

(அக்கா அதன்பிறகு பேசவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகப் பார்க்கும் ஹெவியை 99 மறித்து நின்று பேசும்போது, ரிமோட்டைத் தம்பி கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். கடைசிப் பரீட்சையில், பெல்ட்டில் இருக்கவேண்டிய கயிற்றைப் பயிற்சியாளரே எடுத்துவிட, ஐந்து பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் துணையாகச் சுவரில் ஏறித் தாண்டுகிறார்கள். தேறிய ஹெவி தன் பதக்கத்தை 99 கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். திரை கறுக்கிறது.)

அக்கா: பதக்கத்தைக் குடுத்துட்டான்டா.

தம்பி: ஆமாக்கா.

அக்கா: இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்குக் கையில வந்தது அது ஒண்ணுதான். அதை அந்த மனுஷன்கிட்ட குடுத்துட்டான். (மூக்கை உறிஞ்சி) ஏசி ஜாஸ்தியா இருக்கு.

தம்பி: ஏசி போடவே இல்லக்கா.

அக்கா: இந்தப் பசங்க அடுத்து எப்ப வருவாங்க?

தம்பி: முதல் சீசன் அஞ்சாவது எபிசோடு. நடுவுல இன்னும் அஞ்சு இருக்கு. நாளைக்கு அதைப் பாத்துட்டு...

அக்கா: அதுல ஹெவி வருவானா?

தம்பி: வருவான்.

அக்கா: அதுக்கப்புறம்?

(தம்பி தாளைப் பார்க்கிறான். தாளின் பின்பக்கத்தையும் பார்க்கிறான். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.)

அக்கா: மூணு நாளா வாயை மூடாம எவன் சாவான், எவன் பாதியா வருவான்னு ஒப்பிச்சே. இப்ப என்ன வந்தது உனக்கு?

தம்பி: நீதானே முடிவு சொல்லாதேன்னே.

அக்கா: நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், சொல்லு.

தம்பி: தண்ணி குடிக்கிறியாக்கா?

அக்கா: எடுத்துட்டு வா. நான் அந்த அஞ்சாவதைப் போடறேன்.

தம்பி: அக்கா, வரிசை! நடுவுல அஞ்சு எபிசோடு! அதிகாரப்பூர்வமா...

அக்கா: வரிசையைக் கொண்டுபோய் ஆடிட்டர்கிட்ட குடு.

(எழுத்து ஓடத் தொடங்கிவிட்டது. தம்பி உள்ளே போய், இரண்டு டம்ளர் தண்ணீரும் தோளில் ஒரு துண்டுமாகத் திரும்பி வருகிறான்.)

அக்கா: துண்டு எதுக்குடா?