பிள்ளை பெற்ற அறையை எட்டிப் பார்க்காதீர்கள்

தீபாவளிக்கு முந்தைய நாள் விடியற்காலையில் எங்கள் வீட்டு ஹேம்ஸ்டர், எலி இனத்துச் சிறு வளர்ப்புப் பிராணி, ஏழு குட்டிகளை ஈன்றது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் அவற்றுள் மூன்றுதாம் எஞ்சியிருந்தன. இடையில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: விருந்தாளிகள் வந்தார்கள்.

முதல் கோபம் விற்ற கடைக்காரர் மீது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள் முதலில் கேட்டது முள்ளெலி. சிங்கப்பூரில் அதை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தராது என்று விளக்கி, அனுமதிக்கப்பட்ட சிறு பிராணிகளுள் ஒன்றான ஹேம்ஸ்டரை வாங்கித் தருவதாகச் சமாதானம் செய்தேன். 'பெண்தான், ஆண்களோடு சேர்த்து வைக்கவே இல்லை' என்று கடைக்காரர் உறுதி கூறினார். வாங்கிய பதினொன்றாம் நாளில் அது குட்டி போட்டது. எங்களுடையது சிரியா நாட்டிலிருந்து வந்த சிரிய ஹேம்ஸ்டர் வகை, அதன் கர்ப்பகாலம் ஏறத்தாழ 16 நாள். எங்கள் வீட்டில் வேறு ஹேம்ஸ்டர் கிடையாது. இந்தக் கணக்கைப் போட என் மகளுக்கே அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, ஒன்றின் விலைக்கு எட்டு கிடைத்திருக்கிறதே, அதிர்ஷ்டம்தானே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் அரித்துக்கொண்டிருக்கிறது.

சரி, வந்தது வந்துவிட்டது, ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். நிலக்கடலையைக் கண்டால் பாய்ந்து வருவதால், மலாயில் கடலையைக் குறிக்கும் 'கச்சாங்' என்று மகள் பெயரிட்டிருந்த அந்தத் தாய்க்கு வேண்டியதெல்லாம் மிகக் கொஞ்சம்: வழக்கமான தீனியோடு ஒரு துண்டு அவித்த முட்டை, உப்பில்லாத தௌஹூ (சோயாக் கட்டி), குறையாத தண்ணீர், கூடு கட்டக் கிழித்துப் போட்ட வெள்ளைத் திசுத்தாள், இவற்றுக்கெல்லாம் மேலாக ஆளரவமற்ற அமைதி. முதல் இரண்டு வாரம் கூண்டைக் கழுவக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது, குட்டிகளைத் தொடவே கூடாது. கூண்டை எங்கே வைப்பது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே உள்ள குண்டுவெடிப்புக் காப்பறையான பாம் ஷெல்டருக்குள் வைத்து இரும்புக் கதவைச் சாத்தினால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் தாயும் பிள்ளைகளும் வெந்துவிடும். கூடத்தில் வைத்தால் தீபாவளிக் கூட்டம். ஆகவே மகளின் அறையில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத மூலையில் வைத்து, பாதிக் கூண்டை மெல்லிய துணியால் மூடி, 'உள்ளே வராதீர்கள்' என்று அவள் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டினோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீட்டில் எங்களால் இயன்ற பேறுகால அறை அவ்வளவுதான்.

தீபாவளியன்று காலை பத்து மணிக்கு முதல் குடும்பம் வந்தது. பத்தரைக்குள் அந்த அறிவிப்பு வந்தவர்களுக்கு அழைப்பிதழாகிவிட்டது! கதவில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாலாவது பாதிப் பேர் முறுக்கைத் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. வந்தவர்களுள் ஒருவர் துணியைத் தூக்கினார். இன்னொருவர் கைபேசி விளக்கை அடித்துக் காணொளி எடுத்தார். நான் சமையலறையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் யாரோ ஒரு பையன் கூண்டின் கதவைத் திறந்து, விரலால் ஒரு குட்டியைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். அவன் சிறுவன், அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் பின்னால் நின்று 'மெதுவாகத் தொடு' என்று சொல்லிக்கொடுத்த அவனுடைய தந்தை மீதுதான் கோபம்.

உண்மையாகவே என் பொறுமையைக் குலைத்தவர் என் பெரியம்மா. 'ஓர் எலிக்கு இவ்வளவு ராங்கியா?' என்றார். தம் மருமகள் பிள்ளை பெற்று வந்தபோது முப்பது நாள் அறையைவிட்டு வெளியே வரவிடாதவர் இவர். பூண்டுக் குழம்பும் பத்தியமுமாகப் பார்த்துக்கொண்டு, சன்னல் திரையைக்கூட விலக்கவிடாமல், கண்ணேறு பட்டுவிடும் என்று நெருங்கிய சொந்தங்களையே வாசலோடு திருப்பி அனுப்பினார். குழந்தையைப் பார்க்க உட்லண்ட்ஸிலிருந்து வந்த என்னையும் காப்பி கொடுத்து அனுப்பினாரே தவிர அறைக்குள் விடவில்லை. நான் அன்று கொஞ்சமும் வருந்தவில்லை, அதுதான் முறை என்று அறிந்திருந்தேன். பிள்ளை பெற்றவளைத் தனியே விட வேண்டும் என்பதை நம் வீடுகளில் யாரும் யாருக்கும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவு முழுவதும், பெற்றவள் கையளவு உருவமும் நான்கு காலும் உள்ளவளாக இருந்தால் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

மதியத்துக்குள் கச்சாங் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடத் தொடங்கியது. அது வேறு மறைவிடம் தேடும் தாயின் பரிதவிப்பு. அதையும் 'ஐயோ, எவ்வளவு அழகு' என்று படமெடுத்தார்கள். மாலையில் கடைசி விருந்தாளி மின்தூக்கியில் ஏறியபின் பார்த்தபோது கூட்டில் ஐந்து குட்டிகள். விடிந்தபோது மூன்று. மற்றவற்றைத் தாயே தின்றிருந்தது. திசுத்தாளில் மிஞ்சிக் கிடந்ததை மகள் பார்ப்பதற்குள் அகற்றிவிட முயன்றேன், முடியவில்லை.

செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் வந்த பதில்கள் இருக்கின்றனவே! 'பெற்றதைத் தின்கிற பேயை வீட்டில் வைக்காதே' என்றார் ஒருவர். பேய் யார் என்று கேட்கத் தட்டச்சு செய்து, பண்டிகைக் காலம் என்று அழித்துவிட்டேன். கண் திறவாத, மயிர் முளைக்காத, இரண்டு மூன்று கிராம் எடையே உள்ள குட்டிகளைக் காக்க அந்தத் தாயிடம் கொம்பு உண்டா, விஷம் உண்டா? கூடு அம்பலப்பட்டுவிட்டது, எதிரி மோப்பம் பிடித்துவிட்டான் என்று அதன் உள்ளுணர்வு முடிவுகட்டினால், குட்டிகளையே தின்றுவிடுவதும் அதன் இயல்பில் உள்ளதுதான்.

இது கச்சாங் கண்டுபிடித்த கொடுமையும் அன்று. 1930ஆம் ஆண்டு சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டச் செய்து ஒரு தாய் ஹேம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் எடுத்தவர், இஸ்ரயேல் அஹரோனி என்ற விலங்கியலாளர். பெட்டிக்குள் வைத்தவுடனே அந்தத் தாய் தன் குட்டிகளுள் ஒன்றைக் கடித்துக் கொன்றது. எஞ்சியவற்றைத் தாயிடமிருந்து பிரித்து அஹரோனியும் அவர் மனைவியும் வளர்த்தார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் சக்கரம் சுற்றும் சிரிய ஹேம்ஸ்டர்களுள் மிகப் பெரும்பாலானவை அந்தக் குட்டிகளின் வழிவந்தவையே. ஆக, கூட்டைக் கலைத்தால் என்ன ஆகும் என்பது இந்தப் பிராணி மனிதன் கைக்கு வந்த முதல் நாளிலேயே தெரிந்துபோன செய்தி. ஏறக்குறைய நூறாண்டு கழித்தும் தேங்குழல் தின்ற கையோடு வந்து நாம் அதையே செய்து பார்க்கிறோம்.

அறிவுரைகளும் குறைவில்லை. மீதி மூன்றையும் புளோக்கின் கீழ்ப் புல்வெளியில் விட்டுவிடலாமே, பிழைத்துக்கொள்ளும் என்றார் சித்தப்பா. பிழைக்காது, எறும்பும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். அதோடு, வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது இங்கே குற்றம்: முதன்முறை சிக்குபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 'முள்ளெலியாக இருந்தால் இப்படிச் செய்யாது' என்று எழுதினார் இன்னொருவர். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஈன்ற புதிதில் தொந்தரவு செய்தால் முள்ளெலித் தாயும் குட்டிகளைத் தின்னும். முள் இருப்பதால் எட்டிப் பார்ப்பவர்களின் விரலிலாவது குத்தியிருக்கும் என்ற ஒரு நன்மையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று பதினைந்தாம் நாள். மூன்று குட்டிகளும் கண் திறந்துவிட்டன. ஒன்று தாயின் தௌஹூவைத் திருடித் தின்கிறது. மூன்று வாரத்தில் பால்குடி மறக்கும், நான்காம் வாரத்துக்குள் ஆண் பெண் பிரித்தாக வேண்டும், அதன்பின் சில வாரங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும், ஏனெனில் வளர்ந்த சிரிய ஹேம்ஸ்டர்கள் ஒரே கூண்டில் இருந்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஒரு கூண்டு நாற்பது வெள்ளிக்கு மேல் ஆகிறது. குட்டிகள் பெரிதாகிவிட்டனவா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பார்க்க வரலாமா என்று பெரியம்மா நேற்றிரவு குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். தாராளமாக வரலாம், ஆனால் தீபாவளியன்று துணியைத் தூக்கியவர், விளக்கடித்தவர், கூண்டுக் கதவைத் திறக்கவிட்டவர் ஆகிய மூன்று குடும்பத்தாரும் வரும்போது கைக்கு ஒரு கூண்டோடு வரவேண்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நீலக்குறி விழுந்துவிட்டது, இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.