தீ அணைஞ்ச பிறகுதானே தண்ணி ஏறுச்சு?

அந்த அறிவியல் தின அரங்குக் காணொளியை நேற்றிலிருந்து எல்லாரும் பகிர்ந்துட்டு இருக்கீங்க. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுது" என்கிறார் கல்லூரி மாணவர். "அண்ணா, தீ அணைஞ்ச பிறகுதானே தண்ணி ஏறுச்சு?" என்று ஒரு சிறுமி கேட்கிறாள். "அது அப்படித்தான் பாப்பா" என்று அடுத்த மேசைக்கு அனுப்பிட்டாங்க. கூட்டம் சிரிக்குது. அதை என்னால தாங்க முடியல.

அவள் பார்த்தது சரி. ஆக்சிஜன் குறைவதுதான் காரணம்னா, எரியும்போதே தண்ணீர் சீராக ஏறணும். பெரும்பகுதி ஏறுவது தீ அணையும்போதும் அதுக்கப்புறமும்தான். சுடரின் சூட்டில் காற்று விரியுது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பைக் கவனிங்க, குமிழி குமிழியா கொஞ்சம் வெளியே போகும். தீ அணைஞ்சதும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குது, நீராவி கண்ணாடியில் பனியாப் படியுது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுது.

ஆக்சிஜன் தீர்ந்தும் போகல. காற்றில் 21 சதவீதமா இருக்கிற ஆக்சிஜன் சுமார் 16-க்கு இறங்கினாலே சுடர் அணைஞ்சிடும். செலவானதில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடாகத் திரும்பி வந்திடும். உள்ளே இருக்கிற மொத்தக் காற்றில் நிகர இழப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

நம்பலைன்னா அதே டம்ளர், அதே தண்ணீர், மூணு மெழுகுவத்தி வைங்க. உள்ளே இருக்கிற ஆக்சிஜன் கூடப்போறதில்லை. சூடுதான் கூடும், தண்ணீர் இன்னும் மேலே ஏறும்.

"ஆர்வமாச் செய்ற பசங்களை மட்டம் தட்டாதீங்க"ன்னு வருவீங்க. காலையிலிருந்து நின்னு தொண்டை வத்தின பிள்ளைங்க மேல எனக்குக் கோபமே இல்லை. மனப்பாடத் தாளைக் கையில் கொடுத்துட்டு, ஒருமுறைகூட செய்து பார்க்கச் சொல்லாத பெரியவங்க மேலதான். "பாடப்புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கு"ன்னா, புத்தகத்தைத் திருத்துங்க.

"பொதுமக்களுக்கு இவ்வளவு போதும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். இதை மட்டும் ஏத்துக்கவே மாட்டேன். சூடான ரசத்தை ஊத்தி இறுக மூடின எவர்சில்வர் தூக்கு ஆறினதும் மூடி திறக்க வராதுன்னு உங்க வீட்டு அம்மாவுக்குத் தெரியும். டம்ளருக்குள்ளே நடந்ததும் அதேதான். அதைச் சொல்லியிருந்தா அங்கே நின்ன பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்கும்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்னுதான் காட்டணுமா? இரும்பு நாரை வினிகரில் ஊறவச்சு, உதறி, சோதனைக்குழாயின் அடியில் திணிச்சு, தண்ணீரில் தலைகீழா நிறுத்தி ஒண்ணு ரெண்டு நாள் விடுங்க. துரு ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும், பதிலுக்கு வாயு எதுவும் விடாது. தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நின்னுடும். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான எவர்சில்வர் நார் வேண்டாம், அது துருப்பிடிக்காது.

காணொளியை நீக்க வேண்டாம். அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, மூணு மெழுகுவத்தியையும் அவ கையாலேயே ஏத்தச் சொல்லுங்க.