காமர்ஸ் குரூப் எடுத்தா ஐஏஎஸ் ஆக முடியாதா? அந்த ஃபார்வர்டு தப்புங்க

பத்தாவது முடிச்ச பசங்க இருக்குற வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, பிளஸ் ஒன்ல காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் எடுத்தா ஐஏஎஸ் எழுத முடியாது, வக்கீலாக முடியாது, கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாது, அதனால எல்லாரும் சயின்ஸ்லயே சேருங்கன்னு. இது உண்மை இல்லங்க.

ஐஏஎஸ்க்கான யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வு எழுத ஏதோ ஒரு டிகிரி இருந்தா போதும், பிளஸ் டூல என்ன குரூப்னு யாரும் கேக்கறதில்ல. அஞ்சு வருஷ சட்டப் படிப்புக்கும் ஆடிட்டர் ஆகறதுக்கான சிஏ ஃபவுண்டேஷனுக்கும் எந்த குரூப்பா இருந்தாலும் சரி. ஐஐடி மெட்ராஸ் நடத்துற டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்புக்கே பிளஸ் டூவ எந்த குரூப்ல முடிச்சிருந்தாலும், பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும், அப்புறம் அவங்களே வைக்கிற குவாலிஃபையர் தேர்வுல பாஸ் ஆகணும். பிளஸ் டூ முடிச்சு படையில அதிகாரியா சேர எழுதுற என்டிஏ தேர்வுல ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் ஓகே, விமானப்படைக்கும் கடற்படைக்கும் தான் பிசிக்ஸ், கணக்கெல்லாம் வேணும்.

குரூப் முக்கியமான இடமும் இருக்கு, அதையும் சொல்லணும்ல. அண்ணா யுனிவர்சிட்டி இன்ஜினியரிங்னா பொதுவா கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வேணும், நீட்டுக்கு பயாலஜி வேணும். கணக்கு இல்லாத பயாலஜி குரூப் எடுத்துட்டு பிளஸ் டூ முடிச்சப்புறம் இன்ஜினியரிங் கேக்குறதுதான் பெரிய சிக்கலாகுது, அத இப்பவே யோசிங்க.

சந்தேகம்னா அந்தந்த தேர்வோட நோட்டிஃபிகேஷன்ல தகுதிப் பகுதிய படிங்க, இல்ல பள்ளிக்கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417க்கு போன் பண்ணுங்க. பிடிக்காத குரூப்ல பயத்துல ஒரு பிள்ளைய சேர்த்துட்டா ரெண்டு வருஷம் அதுதான் கஷ்டப்படணும், அதனால அந்த மெசேஜ தயவுசெஞ்சு இனி யாருக்கும் அனுப்பாதீங்க.